மீன் கழுவிய தண்ணீரில் ஒரு பட்டமளிப்பு

கோபம் வந்து என்னை அடிக்கப் பாய்ந்தவர்கள் பல பேர். குளிப்பாட்டி அனுப்பியவர் ஒருவர்தான். அவர் புண்ணியத்தில்தான் இன்றைக்கு நான் நாலு பேருடைய மனக்கஷ்டத்தைக் கேட்டுப் பிழைக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கொடுத்துவிட்டுப் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நான் குருவிநத்தத்திலிருந்து சென்னைக்குப் போய், மனநல ஆலோசகராவதற்கு மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஊரில் அந்த வேலைக்குப் பேரே கிடையாது. அப்பா பார்த்தவர்களிடமெல்லாம், "பையன் பைத்தியத்துக்குப் படிக்கிறான்" என்று சொல்லிவைத்தார். ("அடப்பாவமே, எப்பலேர்ந்து?" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.)

எங்கள் பேராசிரியர் வெளிநாட்டில் படித்தவர். ஒரே மந்திரம்தான் சொல்லிக்கொடுத்தார்: "அறிவுரை சொல்லாதே. வந்தவர் சொன்னதை அவருக்கே திருப்பிக் கொடு. கண்ணாடியாக இரு." நானும் விடுதிக் கண்ணாடி முன்னால் நின்று, கண்ணாடியாக இருக்கப் பழகினேன். எங்களில் யார் கண்ணாடி என்று சில நாள் எனக்கே குழம்பும்.

விடுமுறையில் ஒருவரைப் பார்த்துப் பேசி, பேசியதை வரி பிசகாமல் எழுதித்தர வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருஷம் கோவிந்தா. பாகூரில் தெரிந்த டாக்டர் ஒருவர்தான் ஆள் காட்டினார். "கடற்கரைக் குப்பத்துல முருகேசன்னு ஒருத்தர். கட்டுமரம் கவுந்து தப்பிச்சு வந்தவர். ரெண்டு மாசமா கடலுக்கும் போகல, வாயும் திறக்கல. உடம்புல ஒரு கோளாறும் இல்ல. நீ போய்ப் பாரேன்."

பேன்ட், சட்டை, அந்த வெயிலுக்குக் கழுத்தில் டை. போய் இறங்கினேன். முருகேசன் சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தார். அவர் பேசவே இல்லை. நான் எதைத் திருப்பிக் கொடுப்பது? வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி அஞ்சலைதான் பேசினார். சரி, இவருக்காவது கண்ணாடியாக இருப்போம் என்று திரும்பி உட்கார்ந்தேன்.

"ரெண்டு மாசமா இப்டியே குந்திகினு கீறாரு தம்பி."

"ரெண்டு மாசமா இப்டியே குந்திகினு கீறாரு."

"ஆமா, அத்தான் சொல்றேன்."

"அதத்தான் சொல்றீங்க."

அஞ்சலை என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னாபா, காது கேக்கலியா?"

"காது கேக்கலியான்னு கேக்குறீங்க."

"யோவ் முசே, எனக்கு வூட்ல ஆயிரம் கஷ்டம் கீது!"

பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன 'ஐயா'தான் இந்த முசே. அந்த மரியாதை தந்த தெம்பில் நான் குரலில் கருணையைக் குழைத்து, "உங்களுக்கு வூட்ல ஆயிரம் கஷ்டம் கீது" என்றேன்.

பேராசிரியர் படித்த நாட்டில் இதற்குப் பேர் ஆறுதல். எங்கள் பக்கத்தில் பழிப்புக் காட்டுவது. பள்ளிக்கூடத்தில் இதற்காகவே உதை வாங்கியவன் நான். முதுகுக்கு நினைவிருந்தது, படித்த மூளைக்கு இல்லை.

"பழிப்பா காட்ற? டை கட்டிகினு வந்து பழிப்பா காட்ற?"

மீன் கழுவிய சட்டி தூக்கப்பட்டதைப் பார்த்தேன். அடுத்து எதையும் பார்க்கவில்லை. கண்ணில் செதில்.

அப்போது சுவரோரமிருந்து ஒரு சத்தம். முதலில் இருமல் என்று நினைத்தேன். முருகேசன் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர.

"வுடு அஞ்சல. பாவம், படிச்ச புள்ள."

அஞ்சலையின் கையிலிருந்த சட்டி விழுந்து உடைந்தது. இரண்டு மாதத்தில் கணவர் வாயிலிருந்து அவர் கேட்ட முதல் பேச்சு அது.

தலை கழுவிவிட முருகேசனே என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் ஊற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மரம் பெரண்டப்போ என் கால எங்க மச்சான் புடிச்சிகினான் தம்பி. நான் ஒதறிட்டேன். வேணும்னேதான் ஒதறினேன். அவன் எப்டியோ பொழச்சிகினான். அஞ்சல கூடப்பொறந்தவன். அவ மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

நான் பதில் பேசவில்லை. ஞானம் அல்ல, பயம். வாயைத் திறந்தால் இன்னொரு சட்டி வரும். அந்த மௌனத்தில் அவர் மீதி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கடைசியில் அவரே, "அவன்கிட்ட சொல்லிடட்டுமா?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். (அதுவும் விதிப்படி தப்பு.)

அடுத்த வாரம் போனபோது, மச்சானிடம் சொல்லிவிட்டிருந்தார். மச்சான் வெகுநேரம் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அப்புறம், "அது உன் காலா மாமா? நான் துடுப்புன்னு இல்ல நெனச்சேன்!" என்றாராம். நிஜமாகவே அப்படி நினைத்தாரா என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் விடியலில் இரண்டு பேரும் ஒரே மரத்தில் கடலுக்குப் போனார்கள்.

நடந்ததை வரி பிசகாமல் எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் ஓரத்தில் சிவப்பு மையால், "மாணவர் பேசாதபோது சிறப்பாகச் செயல்படுகிறார்" என்று எழுதித் தேர்ச்சி போட்டார்.

இதை எழுதுமுன் குப்பத்துக்குப் போய், எல்லாவற்றையும் எழுதலாமா என்று கேட்டேன். முருகேசன், "எழுது, இன்னொருத்தனுக்கு ஒதவும்" என்றார். பேரையாவது மாற்றுகிறேன் என்றதற்கு அஞ்சலைக்குக் கோபம். "ஊத்தனது நானு. பேரு மட்டும் எவளுதோவா?"

"பேரு மட்டும் எவளுதோ..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தேன். கூட வந்திருந்த என் மனைவி அமைதியாக நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.