பலாமரத்தில் ஏறி இங்கிலீஷ் கேட்ட கதை

ஒட்டுக்கேட்பது கெட்ட பழக்கம் என்று சொல்லித்தான் எல்லாத் தாய்மார்களும் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். என் தாயாரும் அப்படித்தான் வளர்த்தார். ஆனால் ஒரு சர்க்கார் பரீட்சைக்காக லீவு போட்டு, மலை ஏறி, முறைப்படி ஒட்டுக்கேட்டவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். (வேறு யாராவது இருந்தாலும் வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள். அந்தச் சந்தேகமும் எனக்கு உண்டு.)

சந்தேகம் என் கூடப் பிறந்தது. பெருநாளன்று யாராவது மிட்டாய் கொடுத்தால், இவர் எதற்காகக் கொடுக்கிறார் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் என் அக்கா அதைத் தின்று முடித்திருப்பாள்.

நாமக்கல்லில் எங்கள் அத்தாவுக்குத் தோல் மண்டி. ஆட்டுத் தோலுக்கும் மாட்டுத் தோலுக்கும் உப்புத் தடவி அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த வாடையை வர்ணிக்க மாட்டேன், நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படிக்கிறீர்களோ என்னவோ. அந்த வாடையிலிருந்து தப்பிக்கத்தான் விழுந்து விழுந்து இங்கிலீஷ் படித்தேன். ஒரு சர்க்கார் ஆபீசில் தற்காலிக குமாஸ்தா வேலையும் கிடைத்தது. அது நிரந்தரமாக வேண்டுமானால் இங்கிலீஷ் உயர்தரப் பரீட்சையில் தேற வேண்டும்.

எழுத்துப் பரீட்சை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இலக்கணம் தலைகீழாகச் சொல்வேன். ஆனால் பாழாய்ப்போன ‘கேட்டெழுதும் பகுதி’ என்று ஒன்று இருந்தது. சேலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை வந்து, ஒரு தாளைப் பார்த்து வாசிப்பார். நாம் கேட்டு, அதில் என்ன இருந்தது என்று எழுத வேண்டும். எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் ஒவ்வொரு எழுத்துக்கும் உரிய மரியாதை கொடுத்து இங்கிலீஷ் பேசுவார். இந்தத் துரையோ வெந்நீரை வாயில் வைத்துக் கொப்பளிப்பது போல வாசித்தார். நான் கப்பலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு வந்தேன். அது தேனீ வளர்ப்பைப் பற்றியதாம்.

அத்தா அதிகம் பேச மாட்டார். “இன்னொரு தடவ எழுது. அதுலயும் போச்சுன்னா பேசாம மண்டிக்கு வந்து உப்புத் தடவு” என்று மட்டும் சொன்னார்.

ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர் சம்பந்தம். அவரும் தற்காலிகம்தான், அவரும் அதே பரீட்சையில் ஒரு தடவை கோட்டை விட்டவர்தான். நிரந்தர இடமோ ஒன்றே ஒன்று. ஒருநாள் அவராகவே சொன்னார்: “காது பழகோணுமுங்க. வெள்ளைக்காரங்க பேசறதக் கேட்டுக்கிட்டே இருந்தா தானா வந்துருமுங்க.” போட்டிக்காரன் எதற்காக நமக்கு இலவசமாக யோசனை சொல்கிறான்? பல நாள் யோசித்தேன். யோசனையில் குற்றம் எதுவும் கண்டுபிடிக்க முடியாததால், அவருக்குத் தெரியாமல் அதன்படி நடப்பது என்று முடிவு செய்தேன்.

அக்காவின் புருஷன், என் மச்சான், கொல்லிமலைக்குப் போய் மிளகு வாங்கி வந்து விற்பவர். அவர்தான் வழி சொன்னார்.

“திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஒரு தொரை காப்பித் தோட்டம் வச்சிருக்காரு. தொரைசானியும் இருக்காங்க. நல்ல மனுசங்க. நேராப் போய் சலாம் போட்டு விசயத்தச் சொல்லு மாப்ளே.”

நேராகப் போவதா? என் சந்தேகம் அங்கேதான் வேலை செய்தது. நேரில் போய்க் கேட்டால், வேலைக்காரனிடம் பேசுவது போல நிறுத்தி நிதானமாகப் பேசுவார்கள். உண்மையான இங்கிலீஷை, அந்தக் கொப்பளிக்கிற இங்கிலீஷை, நம் எதிரில் வெளியே எடுக்கவே மாட்டார்கள். அது அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது. அதை அவர்களுக்குத் தெரியாமல்தான் கேட்க வேண்டும். இவ்வளவு புத்திசாலித்தனம் அந்த வயதில் வேறு யாருக்கும் வந்திருக்காது என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், அர்த்தம்தான் மாறிவிட்டது.

லீவு போட்டேன். மச்சானின் பொதிக்கழுதைகளுக்குப் பின்னால் காரவள்ளியிலிருந்து மலை ஏறினேன். (கழுதைகள் என்னைவிட நன்றாக ஏறின.) மச்சானுக்கு மிளகு கொடுக்கும் சின்னண்ணக் கவுண்டர் வீட்டில் என்னை விட்டு, “மாப்ள யாவாரம் பழக வந்திருக்காரு” என்று நான் சொல்லிக் கொடுத்தபடியே சொல்லிவிட்டு, மச்சான் இறங்கிப் போய்விட்டார்.

கவுண்டர் மரியாதையான மனிதர். தோட்டத்தைச் சுற்றிக் காட்டி, ஒரு கொடியின் எதிரே நின்று கேட்டார்: “ஏனுங்க சின்ன பாய், இது எப்படிங்க இருக்குது?”

“அருமையான மிளகுக் கொடிங்க. இந்த வருஷம் காய்ப்பு அமோகமா இருக்கும்” என்றேன்.

“அது வெத்தலைக் கொடிங்க.”

அன்றோடு ஊரின் முகம் மாறிவிட்டது. யுத்தம் தொடங்கியிருந்த சமயம் அது. மலைக்குப் புதிதாக யார் வந்தாலும் மூன்று காரணங்கள்தான்: பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க, தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க, அல்லது காட்டிலாக்காவுக்கு உளவு சொல்ல. சாமைச் சோற்றில் அவரைக் குழம்பை ஊற்றிக்கொண்டே கவுண்டர் சம்சாரம், “பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தவிங்களா சாமி?” என்று கேட்டார். “இல்லீங்க” என்றேன். “அப்படித்தான் சொல்லுவாங்க” என்று உள்ளே போய்விட்டார். வாலிபர்கள் என்னைக் கண்டால் காட்டுக்குள் மறைந்தார்கள். நான் எங்கே போனாலும் கொஞ்ச தூரத்தில் ஒருவன் அரிவாளோடு முதுகைக் காட்டி உட்கார்ந்து புல் அறுத்தான். புல்லே இல்லாத இடத்திலும் அறுத்தான். இவனைச் சம்பந்தம்தான் ஏவியிருக்க வேண்டும் என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

துரை வீடு ஒரு ஓட்டு வீடு. அடுப்படிச் சுவருக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்தது. விறகுக்கும் சுவருக்கும் நடுவில் குந்தி, காதைச் சுவரில் வைத்துக்கொண்டேன். முதலில் கரண்டிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. சாப்பிடும்போது மட்டுமல்ல, சாப்பிட்டு முடித்த பிறகும் பேச்சே இல்லை. இவர்கள் வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார்களோ?

மறுநாள் துரைசானியின் குரல் கேட்டது.

“கம் ஹியர்.”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. புரிந்துவிட்டது!

“சிட். நோ, நோ! நாட் ஆன் தி சேர்!”

கொஞ்ச நேரம் கழித்து, “ஓப்பன் யுவர் மவுத்.” அப்புறம் பிரியமாக, “குட் பாய்.”

துரை ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. எனக்கு மனசு கஷ்டமாகப் போய்விட்டது. எவ்வளவு பெரிய மனிதர்! காப்பித் தோட்டத்துக்கே சொந்தக்காரர். நாற்காலியில் உட்கார உரிமையில்லாமல் தரையில் உட்கார்ந்து, பெண்டாட்டி சொன்னதும் வாயைத் திறந்து மருந்து குடிக்கிறார். கல்யாணம் ஆனால் என் சம்சாரத்துக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பதில்லை என்று விறகுக்குள் உட்கார்ந்தபடியே தீர்மானம் செய்தேன்.

சாயங்காலம் துரையின் குரலே கேட்டது. “டெல் யுவர் மிஸ்ட்ரஸ் தி டீ இஸ் கோல்ட்.” டீ ஆறிப்போச்சு என்று உன் எஜமானியிடம் சொல்லு என்கிறார். யாரிடம் சொல்கிறார்? வீட்டில் மூன்றாவது ஆள் யார்? ஏன் அந்த ஆள் பதிலே பேசுவதில்லை? வாயைத் திறந்தால் தன் பாஷை வெளியே தெரிந்துவிடும் என்று பயந்த ஒருவன்தான் பேசாமல் இருப்பான். யுத்த காலம் வேறு. துரை ஒரு ஜெர்மன்காரனை வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறார்! பரீட்சையாவது மண்ணாவது, ராஜத் துரோகியைப் பிடித்துக் கொடுத்தால் வேலை தானாக நிரந்தரமாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

துரை வீட்டு வராந்தாவுக்கு எதிரே பெரிய பலாமரம். அதில் மிளகுக் கொடி உச்சி வரை படர்ந்திருந்தது. (இந்தத் தடவை மிளகுதான். விசாரித்துக்கொண்டேன்.) கவுண்டர் வீட்டு ஒற்றை மூங்கில் ஏணியைத் தூக்கி வந்து சாத்தி, இடுப்பில் ஒரு சாக்கைக் கட்டி, மிளகு பறிக்கும் கூலியாள் மாதிரி ஏறினேன். யாராவது பார்த்தால் சந்தேகப்படக் கூடாதே என்று கைக்கு எட்டிய சரங்களையெல்லாம் உருவி உருவிச் சாக்கில் போட்டேன். பிறகு இலையை விலக்கி வராந்தாவைப் பார்த்தேன்.

இந்த ஓரத்தில் துரை, அந்த ஓரத்தில் துரைசானி, நடுவில் கொழுத்த பழுப்பு நாய் ஒன்று.

ஜெர்மன்காரனைக் காணோம். துரைசானி நாயைப் பார்த்து ஏதோ சொன்னார். துரை நாயைப் பார்த்து அதற்குப் பதில் சொன்னார். நம் வீடுகளில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுபோனால், “உங்க அத்தாவச் சாப்பிட வரச் சொல்லு” என்று பிள்ளையை நடுவில் நிறுத்துவோம் அல்லவா? பிள்ளை இல்லாத வெள்ளைக்கார வீட்டில் நாய். ஆக, உயர்தரப் பரீட்சைக்காக நான் விறகுக்குள் குந்தி இத்தனை நாள் படித்தது ஒரு நாய்க்கு நடத்திய பாடம்.

வெட்கப்படக்கூட நேரம் கிடைக்கவில்லை. நான் சாய்ந்திருந்த கிளையில் முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தது. முசுறு கடித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்று இடது காதுக்குள்ளேயே போய்விட்டது. அலறிக்கொண்டு ஏணியில் கால் வைக்கத் துழாவினேன். ஏணி இல்லை.

கீழே கவுண்டர் நின்றார், ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு. பின்னால் பாதி ஊர். அரிவாள்காரன் முன்வரிசையில் இருந்தான்.

“அங்கயே இருங்க பாய். இன்னும் பால்கூடப் புடிக்காத சரத்த எந்த மொளகு யாவாரிங்க உருவுவான்? நெசத்தச் சொல்லுங்க, நீங்க ஆருங்க?”

சத்தம் கேட்டுத் துரை துப்பாக்கியோடு வராந்தாவை விட்டு இறங்கி வந்தார். “ஹூ இஸ் தட்?”

பயத்தில் தமிழ் மறந்துவிட்டது. மனசுக்குள் தயாராக வைத்திருந்த இங்கிலீஷ்தான் வெளியே வந்தது.

“ஐ ஆம் ஒன்லி லிஸனிங், சார்!”

யுத்த காலத்தில், மரத்தின் மேலிருந்து, ‘நான் சும்மா ஒட்டுக்கேட்கிறேன்’ என்று ஒரு வெள்ளைக்காரரிடம் சொல்லக் கூடாது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். துரை துப்பாக்கியைத் தூக்கினார். துரைசானி ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார். பிறகு நடந்ததுதான் கொடுமை. அவர்கள் நாயை மறந்தார்கள், நேருக்கு நேர் பேச ஆரம்பித்தார்கள்! எவ்வளவு நாள் அடக்கி வைத்த பேச்சோ, மடை திறந்த வெள்ளமாக வந்தது. அவர் கேட்க, இவர் மறுக்க, இவர் அழ, அவர் சமாதானம் சொல்ல, நான் எதற்காக மலை ஏறினேனோ அந்த இங்கிலீஷ் முழுவதும் என் காலடியில் ஓடியது. எனக்கோ ஒரு காதில் முசுறு, இன்னொரு காதில் நாய் குரைக்கும் சத்தம். ஒரு வார்த்தை விழவில்லை.

ஒருவழியாக ஏணி வந்தது, இறங்கினேன். காது அதிரசம் மாதிரி வீங்கியிருந்தது. அரைகுறைத் தமிழிலும் அரைகுறை இங்கிலீஷிலும் பரீட்சை விஷயத்தைச் சொன்னேன். கவுண்டர் நம்பவில்லை. துரையும் நம்பவில்லை. துரைசானி மட்டும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். காதுக்கு மருந்து வைத்துவிட்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: “நாளைக்கு வா. இந்த நாற்காலியில் உட்கார். நான் உனக்கு வாசித்துக் காட்டுகிறேன்.” இங்கிலீஷில்தான் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

ஆனால் நம்பவில்லை. துப்பாக்கி தூக்கிய வீட்டில் எதற்காக நாற்காலி போடுகிறார்கள்? நாளை வரை என்னை நிறுத்தி வைத்துப் போலீசுக்கு ஆள் அனுப்பத்தான். துரை வேறு புன்னகை செய்தார். கவுண்டரும் செய்தார். இனிமேல் ருசு வேண்டுமா?

விடிந்ததும் கண்ட பாதையில் இறங்கி ஓடினேன். அது எதிர்ப்பக்கத்துப் பாதை. புளியஞ்சோலையில் போய் விழுந்து, துறையூர் போய், ஊரைச் சுற்றிக்கொண்டு நாமக்கல் வந்து சேர்ந்தேன்.

அடுத்த வாரம் என் காதைப் பார்க்கச் சம்பந்தம் வந்திருந்தபோது, மலையிலிருந்து மச்சானும் வந்தார்.

“ஏன் மாப்ளே இப்படிப் பண்ணின? தொரைசானி நாற்காலியப் போட்டு சாயந்தரம் வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தாங்களாம். இப்பக்கூட வரச் சொல்றாங்க.”

“அது பொறி மச்சான்” என்றேன்.

சம்பந்தம் தலையைச் சொறிந்தார். “நீங்க போகலீன்னா நான் போயிட்டு வரட்டுங்களா?”

“தாராளமா” என்றேன். பாவம், மாட்டிக்கொள்ளப் போகிறான் என்று உள்ளுக்குள் கொண்டாட்டமாக இருந்தது.

சம்பந்தம் போனார், அந்த நாற்காலியில் உட்கார்ந்தார், காது நிறையக் கேட்டார், பரீட்சையில் தேறினார். பெரிய உத்தியோகம் வரை உயர்ந்து ஓய்வு பெற்றார். பரீட்சை அன்று சேலத்துத் துரை “சிட் டவுன்” என்றதும் அறையிலேயே முதலில் உட்கார்ந்தவன் நான். அதற்கு மார்க் இல்லை. அதன் பிறகு வாசித்ததில் ஒன்றும் பிடிபடவில்லை. அந்த மாதக் கடைசியில் உப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு மண்டிக்குள் நுழைந்தேன். அத்தா நகர்ந்து இடம் விட்டார். அன்று எனக்கு அழுகை வந்தது. கண்ணில் உப்புப் பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் நாற்காலியைப் போட்டுச் சாயந்தரம் வரை வழி பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றைக்கும் மனசு சுருக்கென்கிறது.

பின்னால் எனக்குக் கல்யாணம் ஆனதும் என் சம்சாரத்துக்கு மச்சான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவளிடமிருந்து பிள்ளைகளுக்குப் போனது. கடைக்காரர் விலையைக் குறைத்துச் சொல்லி, நான் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார்: “மரத்த விட்டு எறங்குங்க.”

எங்கள் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள், “எங்களுக்கு எதுவும் வேணாம், பொண்ணக் குடுத்தாப் போதும்” என்றார்கள். எதுவும் வேண்டாமாமே! மாப்பிள்ளையின் பள்ளிக்கூட வாத்தியார் வரைக்கும் போய் விசாரித்தேன். ஒரு குறையும் கிடைக்கவில்லை. அதுவே பெரிய சந்தேகமாக இருந்தது. பதில் சொல்லாமல் நாளைக் கடத்தினேன். ஒருநாள் மகளே எதிரில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“அத்தா, எனக்காக எறங்குங்க” என்றாள்.

சம்மதம் சொல்லி அனுப்பினேன். கல்யாணம் நடந்து, பேரன் பேத்திகளையும் பார்த்தாகிவிட்டது. மருமகன் இன்று வரை தங்கமான மனிதராகத்தான் இருக்கிறார். பார்ப்போம்.