ஸ்பிரிங்கு சாடிய சருக்கம்

வாழ்க! நாஞ்சில் நாட்டின் தென்கோடியில், நெல்வயலும் கடைத்தெருவும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் கொட்டாரமென்னும் திருநகரில் உதித்து, பத்திரப் பதிவு அலுவலகத்தின் முதுகு நிமிர்ந்த மர நாற்காலியில் தன் வாலிபத்தையும் நடுவயதையும் இடுப்பெலும்பின் நல்ல பாகத்தையும் அரசாங்கத்துக்குத் தாரைவார்த்து ஓய்வு பெற்ற, முத்திரைத்தாளை முகர்ந்தே செல்லாத பத்திரத்தைச் சொல்லிவிடும் மூக்குடைய, "வாசிச்சுப் பாத்துட்டு ஒப்பு போடும்வே" என்று கையெழுத்திட வந்த ஊரையெல்லாம் அதட்டிய, கண்ணாடியணிந்த களிறு, பகவதியப்பன் வாழ்க!

இக்காவியம் இடையூறின்றி நடக்க எந்தத் தெய்வத்தைத் தொழலாம்? வேறு யாரை. அவர் தலைமாட்டில் வீற்றிருக்கும் தைலக்குப்பியைத் தொழுவோம். மூடி திறந்தவுடன் முன்வாசல்வரை மணக்கும் அதுவே நமக்குக் காப்பு.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, வேந்தர் ஒரு சூளுரை விடுத்தார்.

"ஏட்டி தாணு, கேட்டுக்க. இனிமே நான் நிமிந்து இருக்க மாட்டேன். இருந்தா சாஞ்சுதான்."

சொல்லம்பு எய்வதில் குறி தவறாத பட்டத்தரசி தாணம்மாள் அடுக்களையிலிருந்து எட்டியும் பார்க்கவில்லை. "சாயணும்னா கட்டில் கெடக்குல்லா?"

கட்டில் கிடந்தது. ஆனால் கட்டிலில் படுத்தவன் நோயாளி, சாய்நாற்காலியில் படுத்தவன் பெரிய மனுஷன் என்ற அரசியல் நுட்பத்தை அடுக்களைக்கு விளக்கிக்கொண்டிருக்க வேந்தருக்கு நேரமில்லை. புறப்பட்டார்.

அந்தத் திக்விஜயத்தை எப்படிப் பாடுவது! நாகர்கோவிலில் அவர் உட்காராத கடை இல்லை. முதற்கடையின் மெத்தென்ற நாற்காலி, யானையை விழுங்கும் சேறுபோல அவரை மார்புவரை விழுங்க, கடைக்காரரும் காவலாளியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அடுத்த கடையின் நாற்காலி சாயென்றால் சாய்ந்தது, நிமிரென்றால் செவிடாகிவிட்டது. இன்னொன்று சாயவே மறுத்தது. பதிவு அலுவலக நாற்காலிக்கு உடன்பிறந்த தங்கையாக இருக்க வேண்டும். மார்த்தாண்டத்தில் தோலென்று விற்கப்பட்ட ஒன்று, எழுந்தபோது வேட்டியைப் பற்றிக்கொண்டு விடமாட்டேனென்றது. மானத்தோடு மீண்டது பெரும்பாடு.

கடைசியில் வடசேரி. பேருந்துகளின் பேரிரைச்சலுக்கும் காய்கறிச் சந்தையின் கூச்சலுக்கும் நடுவே, ஒரு கடையின் குளிரூட்டிய கருவறையில், பழுப்பு நிறத்தில், கைப்பிடியில் விசையோடு, அது இருந்தது. வேந்தர் அமர்ந்தார். விசையை இழுத்தார். முதுகு பின்னே போக, கால்கள் தாமாக மேலெழும்ப, அரசாங்க சேவையில் இறுகிப்போன இடுப்பெலும்பு ஒவ்வொன்றாக அவிழ்ந்து, 'அப்பாடா' என்றது. கண்ணோரம் ஈரம்கூடக் கசிந்ததாகச் சொல்கிறார்கள்.

சமயம் பார்த்து விற்பனைத் திலகம் ராஜகுமார் குனிந்தான்.

"மாமா, கண்ணடச்சு வாங்கலாம். இது ஒரு காலத்துலயும் கேடாகாது. ஆனா அஞ்சு வருசம் வாரண்டி."

வேறொருவன் பதிவு அலுவலகத்தில் அவரிடம் வந்து இப்படிச் சொல்லியிருந்தால், ஒரு காலத்திலும் கெடாத பொருளுக்கு எதற்கு உத்தரவாதம் என்ற குறுக்கு விசாரணையிலேயே அவன் கிறங்கியிருப்பான். ஆனால் வேந்தர் இப்போது சாய்ந்திருந்தார். சாய்ந்த வேகத்தில் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சிட்ட உத்தரவாத விதிகளில், 'கனமான பொருள் வைத்தாலோ, மேலேறிக் குதித்தாலோ உத்தரவாதம் செல்லாது' என்று ஒரு வரி ஊர்ந்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் வாசிக்கச் சொன்ன அந்த மகான், வாசிக்காமல், படுத்தவாக்கிலேயே ஒப்பு போட்டார். வீட்டுப் பழைய சோபாவையும் எக்ஸ்சேஞ்சில் தூக்கிக்கொடுத்தார்.

அரியணை கொட்டாரம் வந்தது. பக்கத்து வீட்டார் வந்து உட்கார்ந்து பார்த்து, பெருமூச்சு விட்டுப் போனார்கள். வேந்தர் அதில் சாய்ந்தே பேப்பர் படித்தார், சாய்ந்தே காப்பி குடித்தார், சாய்ந்தே நாட்டை ஆண்டார்.

அது மழைக்காலம்வரை.

ஒரு மத்தியானம். சாப்பாடு முடிந்திருந்தது. வேந்தர் விசையை இழுத்தார். வழக்கமான 'கிர்ர்' கேட்கவில்லை. வேறொரு சத்தம். உள்ளே எவனோ பல்லைக் கடிப்பதுபோல. எழுந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்திருக்கக் கூடாது, எழுந்திருக்க வேண்டும். அடுத்த நொடி, நாற்காலியின் அடிவயிற்றுத் துணியைக் கிழித்துக்கொண்டு, புற்றிலிருந்து சீறும் கருநாகமென ஒரு ஸ்பிரிங் வெளியே பாய்ந்து, வேந்தரின் பின்னந்தொடையைத் தீண்டி, சுவரில் மோதி, தொலைக்காட்சிப் பெட்டிக்கடியில் போய் ஒளிந்தது.

பட்டத்தரசி வந்தாள். கிழிந்த நாற்காலியையும் தொடையைத் தடவும் கணவரையும் பார்த்தாள். பிறகு தன் ஆணையைப் பிறப்பித்தாள்.

"வியாழக்கெழம முருகதாஸ் ஆக்கர் எடுக்க வருவான். அவன்ட்ட ஒரு கசேரை உண்டுன்னு சொல்லி வைப்பேன். அதுக்குள்ள இது செரியாச்சுன்னா ஆச்சு. இல்லன்னா இது ஆக்கருக்கு. நீங்க பழையபடி அந்த இரும்புக் கசேரையில நிமிந்து இரியுங்க."

பழைய இரும்பு, பிளாஸ்டிக்கெல்லாம் எடைபோட்டு எடுக்கும் ஆக்கர் வண்டி! தன் அரியணை அதில் தகர டப்பாக்களோடு ஊர்வலம் போவதை மனக்கண்ணில் கண்ட வேந்தர், மூலையில் மடக்கிக் கிடந்த இரும்பு நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது. முதுகில் மின்னல் வெட்டியது. போர் என்றால் போர். வாடிக்கையாளர் சேவை மையத்தின் எண்ணை அழுத்தினார்.

இங்கே ஒரு சிறு விளக்கம். குமரி மண்ணில் யாரும் குதிப்பதில்லை. சாடுவார்கள். குளத்தில் சாடுவார்கள், மதில் சாடுவார்கள், ஓடும் பஸ்சிலிருந்து சாடி முழங்காலைப் பெயர்த்துக்கொள்வார்கள். வேந்தருக்கும் அந்த ஒரு சொல்தான் தெரியும். மறுமுனையிலோ, வடக்கே எங்கோ குளிரறையில் அமர்ந்திருக்கும் ஒரு தேன்மொழியாள்.

"சொல்லுங்க சார், என்ன பிரச்சினை?"

"கசேரையில ஸ்பிரிங்கு வெளிய சாடிட்டும்மா."

"சாடியா சார்?"

"ஆமா, சாடிதான் கேடாச்சு."

"எவ்வளவு பெரிய சாடி சார்?"

என்னவொரு பொறுப்பான கேள்வி என்று வேந்தர் வியந்தார். ஸ்பிரிங் சாடிய உயரத்தைக் கையால் காற்றில் அளந்தார். "ஒரு முழம் இருக்கும்மா."

"அதுக்குள்ள என்ன சார் இருந்தது?"

"உள்ள என்ன, பஞ்சுதான்."

"அப்போ சேர்ல யாராவது இருந்தாங்களா?"

"நான்தாம்மா இருந்தேன். கொஞ்சத்துல தப்பிச்சேன்."

"ஓகே சார், பதிவு பண்ணிட்டேன்."

வெற்றி முரசு முழங்க, வேந்தர் மீசையைத் தடவினார். மாலையில் கைப்பேசி சிணுங்கியது. வந்தது வாழ்த்தல்ல, வஞ்சினம்: 'ஒரு முழ உயரப் பஞ்சுச் சாடியை இருக்கையில் வைத்ததால் ஏற்பட்ட சேதம். உத்தரவாதம் பொருந்தாது.'

"தாணு, சாடின்னா என்னட்டி?"

"சாடின்னா சாடியதுதான். இல்லன்னா நம்ம பரணி இருக்குல்லா, ஊறுகாப் பரணி? வடக்க உள்ளவிய அதச் சாடின்னு சொல்லுவாவ. டிவி சமையல்ல கேட்டதில்லியா?" அரசி மெசேஜை வாங்கி வாசித்தாள். அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பரணிக்குள்ள பஞ்சு வச்சு, அதுக்கு மேல நீங்களும் இருந்தியளாக்கும்?"

அவமானத்தீயில் வெந்த வேந்தர், மறுநாள் மீண்டும் களம் புகுந்தார். இம்முறை வட்டாரச் சொல்லுக்கு இடமில்லை. தொண்டையைச் செருமி, பதிவு அலுவலகத்தில் ஆய்வுக்கு வரும் மேலதிகாரியிடம் மட்டுமே பேசிய தூய தமிழை உறையிலிருந்து உருவினார்.

"அம்மா, சாடி அல்ல. குதித்துவிட்டது. குதித்ததினால்தான் பழுது."

"யார் சார் குதிச்சது?"

"உள்ளே இருந்ததுதான் குதித்தது."

"வீட்டுக்குள்ள இருந்தவங்களா சார்?"

"வீட்டுக்குள்தான் அம்மா. தெருவிலிருந்தா வந்து குதிக்கும்?"

மாலை மெசேஜ் வந்தது: 'வீட்டில் இருந்தவர் இருக்கைமேல் ஏறிக் குதித்ததால் ஏற்பட்ட சேதம். உத்தரவாதம் பொருந்தாது.'

பரணி வைத்தவன் என்ற பழி போய், ஓய்வூதிய வயதில் நாற்காலிமேல் ஏறிக் குதிப்பவன் என்ற பழி வந்து சேர்ந்தது. தாணம்மாள் இம்முறை சிரிக்கவில்லை. அவர் முதுகையே பார்த்தபடி, "பைய சாடப்பிடாதா? வயசாச்சுல்லா," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தைலத்தை எடுத்து நீட்டினாள்.

புதன்கிழமை, நெடுங்கோபத்துக்கும் நெடுமூச்சுக்கும் இடையே பஸ்சில் நின்றுகொண்டே வடசேரி சேர்ந்த வேந்தர், கடை நடுவில் நின்று, தேங்காய் உடைத்தாற்போல் ஒரே வாக்கியத்தில் முழங்கினார். "லேய் ராஜகுமாரு, ஸ்பிரிங்குதாம்லே சாடிச்சு, நான் சாடல்ல."

அந்த ஒற்றை முழக்கத்தில், நாடெங்கும் புரியாத நியாயம் வடசேரியில் நொடியில் புரிந்தது. ராஜகுமார் சிரிப்பை விழுங்கி, "நாளைக்கு நம்ம மெக்கானிக் ஸ்டெனிய அனுப்புதேன் மாமா," என்றான்.

வியாழன் விடிந்தது. தெருமுனையில், "பழைய இரும்பு, பித்தள, பிளாஸ்டிக்கு" என்று ஒலிபெருக்கி அலறிக்கொண்டு ஆக்கர் முருகதாசின் வண்டி பகைவனின் போர்ப்பறைபோல் நெருங்கியது. ஸ்டெனியைக் காணவில்லை. வண்டி அடுத்த வீட்டு வாசலுக்கு வந்தது. ஸ்டெனியைக் காணவில்லை. தாணம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியின் ஒரு கையைப் பிடித்தாள். வேந்தர் மறு கையைப் பிடித்தார். அவள் இழுக்க, இவர் இழுக்க, அரியணை நடுவில் நின்று முனகியது. முருகதாஸ் வாசலில் வந்து நின்றான்.

அப்போது அவன் வண்டிக்குப் பின்னால் ஒரு டெம்போ வந்து நின்றது. கடியப்பட்டணத்து ஸ்டெனி இறங்கினான்.

வந்தான், குனிந்தான், டார்ச் அடித்தான். "இது வெல்டிங்கு விட்டுப்போனது சாரே. கம்பெனி தப்புதான். வாரண்டி உண்டு."

வாரண்டி உண்டு! அவ்விரு சொற்கள் கேட்டதும், சூல்கொண்ட மேகம் கண்ட மயிலென, மதகு திறந்த குளமென, வேந்தரின் உள்ளம் பொங்கிப் பெருகி வழிந்தது. வாசலில் முருகதாஸ் வெறுங்கையைத் தேய்த்தான். "அக்கா, கசேரை உண்டுன்னு சொன்னியளே?"

தாணம்மாளின் வாக்கு பொய்க்கலாமா? கொட்டாரத்துக் கோமகன் இருக்கையில் அது நடக்குமா? கேட்டது கேளாதது எல்லாம் கொடுக்கும் வள்ளலாகி, அவர் மூலையை நோக்கி வலக்கை நீட்டினார்.

"முருகதாசு, அந்த இரும்புக் கசேரைய எடுத்துட்டுப் போ. இனி இந்த வீட்டுல நிமிந்து இருக்கியதுக்கு ஆளு கெடையாது."

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றாள் தாணம்மாள்.

வென்றவர் யோசிப்பாரா? பழம்பகை வண்டியேறியது. ஒலிபெருக்கி அலறியபடி வளைவில் மறைந்தது.

"சாரே, ஒரு கை பிடியுங்க," என்றான் ஸ்டெனி. "இத டெம்போல ஏத்தணும்."

வேந்தர் புன்னகையோடே கேட்டார். "எதுக்குப்போ?"

"வாரண்டில்லா? கோயம்புத்தூரு கம்பெனிக்குப் போயித்தான் செரியாயி வரும்."

"எப்ப வரும்?"

"அது அவியதான் சொல்லணும்."

இவ்வாறு, சேவை மையத்தாரைச் செந்தமிழால் எதிர்த்து, வடசேரியை ஒற்றை வாக்கியத்தால் வென்று, ஆக்கர் படையை அள்ளிக்கொடுத்துத் திருப்பியனுப்பி, எறும்பெழுத்து விதிகளின் கோட்டையைத் தகர்த்துத் தன் அரியணையின் உரிமையை ஐயந்திரிபற நிலைநாட்டிய முதுகுவலி வேந்தர், அந்த அரியணையின் ஒரு காலைத் தானே தூக்கி டெம்போவில் ஏற்றி வழியனுப்பிவிட்டு, வெற்றித்திருமகள் பின்தொடர வெற்றுக்கூடத்துள் மீண்டும் அடியெடுத்து வைத்தபோது, பட்டத்தரசி காப்பி டம்ளரோடு நின்று, "இனி எங்க இருப்பிய?" என்று கேட்டாள்.

பகவதியப்பன் போய் வாசற்படியில் உட்கார்ந்தார்.