மார்கழியில் மல்லிகை விலை இறங்கும் என்றேன்

பொருளாதாரம் படித்தவனிடம் ‘அதெல்லாம் ஒரு அறிவியலா?’ என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் அவன் சும்மா இருக்க மாட்டான். பெண் பார்க்கப் போன வீட்டில் கேட்டார்கள். நானும் சும்மா இருக்கவில்லை.

அப்போது தென்னூரில் ஒரு கல்லூரியில் பொருளாதார விரிவுரையாளராகச் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. (சம்பளத்தைவிடக் கர்வம் அதிகம்.) கார்த்திகைக் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் நித்யா என்ற பெண்ணைப் பார்க்க அம்மா அப்பாவோடு போனேன். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துவிட்டது. அவளுடைய அப்பா சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி. அவர் ஓய்வுபெற்ற கெமிஸ்ட்ரி வாத்தியார்.

“எகனாமிக்ஸ் எல்லாம் சயின்ஸ்ல சேராதுங்க தம்பி,” என்றார் காபியை ஆற்றியபடி. “சயின்ஸ்னா முன்கூட்டியே சொல்லணும், சொன்னது நடக்கணும். உங்களால அப்படி ஒண்ணு சொல்ல முடியுமா?”

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். வாயை மூடு என்று அர்த்தம். எனக்குத்தான் உறைக்கவில்லை.

“முடியும் சார். மார்கழியில கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லேன்னா பூவுக்குத் தேவை குறையும். தேவை குறைஞ்சா விலை இறங்கும். இன்னும் மூணு வாரத்துல மல்லிப்பூ பாதி விலைக்கு வந்துரும், பாருங்க.”

அதோடு விட்டேனா? மேசையில் கிடந்த தாளை இழுத்து, தேவைக் கோடு, அளிப்புக் கோடு எல்லாம் வரைந்து, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர் திருப்பிப் பார்த்தபோதுதான் அது என் ஜாதகம் என்று தெரிந்தது. (“பின்பக்கம்தானே சார்,” என்று என் அப்பா சமாளித்தார்.)

“சரிங்க தம்பி, இது நடந்தா தை பிறந்ததும் நிச்சயதார்த்தம் பேசலாம்,” என்றார் அவர். நித்யா மட்டும் ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டாள்.

அதுவரை நான் பூக்கடையில் நின்று ஒரு முழம் பூ வாங்கியவன் இல்லை. மார்கழிப் பனியில் மல்லிகைச் செடி சரியாக மொட்டு வைக்காது, சந்தைக்கு வரத்தே இருக்காது என்பது பூ வைத்துக்கொள்ளும் எல்லோருக்கும் தெரியும். போதாக்குறைக்கு வைகுண்ட ஏகாதசி. ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மார்கழியில் பூவுக்குத் தேவை குறையும் என்று சொன்ன மேதாவி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மார்கழி முதல் தேதியிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு நித்யாவின் அப்பா ஒரு வாட்ஸ்அப் அனுப்புவார். பூக்கடையில் விலை எழுதிய சிலேட்டின் படம். வேறு ஒரு வார்த்தை இருக்காது. முதல் வாரம் விலை ஏறியது. இரண்டாம் வாரம் இரண்டு மடங்கு. ஏகாதசிக்கு முதல் நாள் சிலேட்டில் மல்லிகையையே காணோம், பூவே வரவில்லையாம். அம்மா வேறு ஜாதகங்களைப் பிரிக்க ஆரம்பித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நித்யாவை நினைத்தால் துக்கமாகவும் என்னை நினைத்தால் கேவலமாகவும் இருந்தது.

அன்று சாயந்திரம் நித்யாவே போன் செய்தாள்.

“பனியில மல்லி வராதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியுங்க.”

“அப்புறம் ஏங்க சொல்லல?”

“சொன்னா வரைஞ்ச கோட்டை அழிச்சிருப்பீங்களே! ‘எந்த ஜோசியராவது இப்படிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்து மாட்டிக்குவாராப்பா? இவர் பொய் சொல்லத் தெரியாதவரு’ன்னு அப்பாகிட்ட பேசிட்டேன். தை பிறந்ததும் வரச் சொன்னாரு. பூ மட்டும் உங்க செலவாம்.”

சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. (பூ விலையைக் கேட்டதும் இன்னொரு முறை வந்தது.)

கல்யாணமாகிப் பல வருடம் ஆகிறது. தங்கம் எப்போது வாங்கலாம், வெங்காயம் இறங்குமா என்று மாமனார் இன்றும் என்னிடம்தான் கேட்கிறார். நான் காரணகாரியத்தோடு விளக்குவேன். முழுக்கக் கேட்டுவிட்டு, நேர் எதிராகச் செய்வார். இதுவரை அவர் நஷ்டப்பட்டதே இல்லை.

போன தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் அறிவித்தார்: “எகனாமிக்ஸ் சயின்ஸ்தான், ஒத்துக்கறேன். மாப்பிள்ளை சொல்றது இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட மாறாம தப்பாவே வருது. இவ்வளவு உறுதியான விதி கெமிஸ்ட்ரியிலகூட கிடையாது!”