பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும் பெட்டி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம், அதாவது தனித்தனியாகச் சுகம். போனில் சொன்னால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். போன் ஹாலில் இருக்கிறது, ஹாலில் உங்கள் அத்தை இருக்கிறாள், அதனால் மாடிப்படியில் உட்கார்ந்து முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

கேமராவில் எடுப்பதை டேப்பில் ஏற்றாமல் நேராக ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுகிற அந்தப் பெட்டியை நீங்கள் நல்ல எண்ணத்தோடுதான் அனுப்பினீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டேப் வாங்க வேண்டாம், மாற்ற வேண்டாம், சிக்கிக்கொள்ளாது, ஒரே மூச்சில் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும் என்று நீங்கள் எழுதி அனுப்பிய குறிப்பைப் படித்து நானும் பூரித்துத்தான் போனேன். ஆனால் மாப்பிள்ளை, ஒரு டேப் என்றால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் இந்தக் குடும்பம் பத்தொன்பது வருஷமாகச் சண்டை சச்சரவு இல்லாமல் காலம் தள்ளியது. எந்த விசேஷமானாலும் யாராவது பேச ஆரம்பித்து நிறுத்தத் தெரியாமல் திண்டாடினால், டேப் முடிந்துவிட்டது என்று சொல்லிக் கேமராவை இறக்குவேன். ஒருவரும் கோபித்துக்கொள்ள முடியாது. பேசியவர் உட்காருவார், மற்றவர்கள் கை தட்டுவார்கள், சாப்பிடப் போவோம். உங்களிடம் சொல்வதற்கென்ன, பாதி நாள் டேப் முடிந்திருக்காது. எனக்குப் பசித்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அத்தை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்காக வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டிருந்தோம் அல்லவா, முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்ற கால் இனிமேலாவது உட்காரட்டும் என்று. வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி இது என் மாப்பிள்ளை அனுப்பிய பெட்டி, பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும் என்று நானே என் வாயால் பெருமை பீற்றித் தொலைத்தேன். அத்தையின் அண்ணனைத்தான் உங்களுக்குத் தெரியுமே, ரேடியோ மாமா. அவர் தங்கையின் பிறப்பிலிருந்து ஆரம்பித்தார், ஒன்றரை மணி நேரம் கழித்தும் அவளை நர்ஸ் படிப்பில் சேர்க்கவில்லை, நான் பழைய பழக்கத்தில் டேப் முடிஞ்சுபோச்சு மாமா என்றேன், அவரோ எந்த டேப்பு மாப்ளே, அதான் டேப்பே கிடையாதுன்னீங்களே என்று கேட்டுவிட்டு இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார். பெட்டியைப் பார்த்தேன். மாமா ஆரம்பித்தபோது பன்னிரண்டு மணி நேரம் மீதி என்று காட்டியது, முடித்துத் தண்ணீர் குடித்தபோதும் பன்னிரண்டுதான். என்ன அட்சய பாத்திரம் இது, ஒரு நிமிஷமாவது குறையக்கூடாதா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் தலையில் இடி இறங்கியது. வழக்கமாக உங்கள் அத்தை கடைசியில்தான் பேசுவாள், அதாவது பேச மாட்டாள், அவள் முறை வருவதற்குள் டேப் முடிந்துவிடும். இந்தத் தடவை அவள் கையிலிருந்த வீடியோ லைட்டை அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷம், நாற்பத்துமூன்று டேப், அத்தனைக்கும் லைட் பிடிச்சது நான், ஒண்ணுலயும் என் முகம் இல்லை, நாலஞ்சு இடத்துல கை மட்டும் வரும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டூட்டி முடிந்து வந்த களைப்பில் ஒரு விசேஷத்தில் மயங்கி விழப் பார்த்தாளாம், நான் லைட் ஆடுது, ஒழுங்காப் பிடி என்று அதட்டினேனாம். அதற்குக் கொஞ்சம் பேர்தான் சிரித்தார்கள். பிறகு அவள் கேமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கப்பாவோட எண்பதாவது பிறந்தநாளன்னிக்கு, அவர் என்னைப் பக்கத்துல கூப்பிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீங்க டேப் முடிஞ்சுபோச்சுன்னீங்க. முடியலைங்க. லைட் பிடிச்சவளுக்குத் தெரியாதா? அந்த வாரமே அப்பா போயிட்டார்."

மாப்பிள்ளை, என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பெட்டிதான் பிடிக்கிறதே, ஆள் எதற்கு என்று கேமராவை ஸ்டாண்டில் விட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போய் இருபது நிமிஷம் துணி காயும் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தால் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன சொன்னாள் என்று கேட்டால் நீங்கதான் ரெக்கார்டு பண்ணியிருக்கீங்களே, போட்டுப் பாருங்க என்கிறார்கள். ரேடியோ மாமா ஒரு வார்த்தை பேசாமல் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். என்னை மன்னித்துவிட்டதாகச் சொன்னாளா, இனி உங்களோடு இருக்க மாட்டேன் என்று சொன்னாளா, இரண்டில் ஒன்று. மூன்று நாளாகப் போட்டுப் பார்க்கத் தைரியம் இல்லை. அவளோ ஒன்றும் நடக்காத மாதிரி காபி கொண்டுவந்து வைக்கிறாள், மாப்பிள்ளைகிட்ட சொல்லி அந்த ரெக்கார்டை எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க என்கிறாள்.

ஆகவே காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டியை நாளைக்குப் பார்சலில் அனுப்புகிறேன். வழியில் அடிபட்டுக் கெட்டுப்போச்சு, எல்லாம் அழிஞ்சுபோச்சு என்று உங்கள் அத்தையிடம் ஒரே ஒரு பொய் சொல்லிவிடுங்கள். இனிமேல் எனக்கு டேப் போதும். வயசுக் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எதையும் தாங்குகிற சக்தி எனக்கு இல்லை.

என் மகளுக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கடைசிவரை கேட்டு, நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
ஆசிகளுடன்,
உங்கள் மாமனார்.

பி.கு.: பார்சல் வேண்டாம். எப்படியும் அழியத்தானே போகிறது, ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று உங்கள் அத்தை கடைக்குப் போன நேரத்தில் பெட்டியை டி.வி.யில் மாட்டினேன். ஒன்றுமே இல்லை. ரேடியோ மாமாகூட இல்லை. உங்கள் குறிப்புக்குப் பின்பக்கமும் இருக்கிறது என்பதை அப்போதுதான் பார்த்தேன். டேப் போடாதபோது கேமராவின் பொத்தான் வேலை செய்யாது, பெட்டியின் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும் என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களைச் சொல்லச் சொன்ன பொய்க்கு இனி அவசியம் இல்லை. எது அழிய வேண்டும் என்று மூன்று நாளாக வேண்டிக்கொண்டேனோ அது இல்லை என்று தெரிந்ததும் தரையில் உட்கார்ந்து அழுதேன், மாப்பிள்ளை. அவள் பையோடு உள்ளே வந்தாள். நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை. கடைசியில் என்ன சொன்னே என்று கேட்டேன். பையை இறக்கிவைத்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டாள்.

"கேமரா வேண்டாம். எழுந்து போகாம உட்காருங்க, சொல்றேன்."

முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறாள். அந்த இடைவெளியில்தான் இதை எழுதுகிறேன். குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது.