தேசிக்காயில் குத்திய நாலு சில்லுகள்

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். இதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. பால் வாங்கப் போனால் முன்னால் இருக்கும் பெட்டியை எடுக்கமாட்டேன். கையை உள்ளே விட்டுக் கடைசியில் இருப்பதைத்தான் இழுப்பேன். யாராவது என்னைப் பார்த்து "நல்லா மெலிஞ்சிட்டீர்" என்றால், இந்த ஆள் எதற்கு அடிபோடுகிறார் என்று இரண்டு நாள் யோசிப்பேன். ஆனால் ஊரையெல்லாம் சந்தேகிக்கிற ஆட்களுக்கு ஒரு குறை உண்டு. தங்களையும் ஒருவர் சந்தேகிக்கலாம் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. எனக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் என் அத்தானின் முகத்தை வெட்டி ஒரு பொம்மையில் ஒட்டியிருப்பேனா?

அவசரப்படாதீர்கள், சொல்கிறேன்.

அத்தான் என்றால் என் அக்கா சுகந்தியின் கணவர், ரமணன். வீடு விற்பனை முகவர். ஸ்காபரோவில் எந்தத் தமிழர் வீட்டுக் குசினிக்குள் நுழைந்தாலும், சுவர்க் கலண்டரில் அவர் கோட் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார். ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் அஜின்கோர்ட்டில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அத்தான் எங்கள் குசினியின் வெளிச்சத்தை மூன்று தரம் புகழ்ந்தார். பிறகு, தாங்கள் குடியிருக்கும் அஜக்ஸில் காற்று நல்லது என்றார். எனக்குப் பொறி தட்டியது.

"அத்தான், எங்களைக் கிளப்பிப்போட்டு இந்த வீட்டை விக்கப் பாக்கிறியள், என்ன?" என்று கறிக் கரண்டியோடு நின்று கேட்டுவிட்டேன்.

(மனிதர் உண்மையாகவே வெளிச்சத்தைத்தான் புகழ்ந்தாராம். நான் இன்னும் முழுதாக நம்பவில்லை.) அத்தான் பாதிச் சாப்பாட்டில் எழும்பிக் கை கழுவினார். அக்கா கைப்பையை எடுத்தாள். அதற்குப் பிறகு மூன்று கிழமை அவளிடமிருந்து ஒரு போன் இல்லை.

இது சின்ன விஷயமல்ல. அக்கா ஒவ்வொரு நாளும் காலையில் ரயிலுக்கு நிற்கும்போது எனக்குப் போன் எடுப்பவள். என்ன கறி, யாருக்குக் காய்ச்சல், யார் யாரோடு கோபம் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு வந்து சேரும். அது இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மன்னிப்புக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் வாய் வராது. சந்தேகப் புத்தியோடு ரோஷமும் சேர்ந்து வந்த பிறவி நான். ஆகவே ஒரு கார் செய்து சமாதானம் ஆகலாம் என்று முடிவெடுத்தேன்.

என் தொழில் பல் கட்டுவது. ஒரு பல் ஆய்வுகூடத்தில் நாள் முழுக்கச் செயற்கைப் பற்களைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்தால் பொழுதுபோக்கு, பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் கார்களை ஒட்டுவது. அந்த வருடம் ஒஷாவாவில் ஒரு மண்டபத்தில் போட்டி வைத்தார்கள். அதில் பழங்காலப் பந்தயக் கார்களுக்கென்று ஒரு பிரிவு இருந்தது. அந்தக் கார்கள் பந்தயத்துக்கென்று பிறந்தவை அல்ல. சாதாரணக் குடும்பக் காரை வாங்கி, உட்காரும் சீற்றுகளைப் பிடுங்கி, கண்ணாடியைக் கழற்றி, கதவுகள் திறக்காதபடி ஒட்டி, உள்ளே இரும்புக் குழாயால் கூடு கட்டி, மண் தரையில் சுற்றிச் சுற்றி ஓடி இடிபட விடுவார்கள். கதவில் பெரிய இலக்கமும், செலவுக்கு உதவிய உள்ளூர்க் கடைக்காரரின் பெயரும் இருக்கும். நான் வாங்கிய பெட்டியிலோ, கோயிலுக்குப் போகிற மாதிரி அடக்கமான ஒரு குடும்பக் கார். அதை ரவுடியாக்க வேண்டும்.

கதவில் யார் பெயரை எழுதுவது? எங்கள் ஊரில் கலைவிழா என்றாலும் அரங்கேற்றம் என்றாலும் பின்னால் பதாகையில் நிற்பவர் யார்? வீடு விற்பவர்தானே! அத்தானின் பெயரோடு கார் பரிசு வாங்கும், அதை அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளில் கையில் கொடுப்பேன், அக்கா உருகிவிடுவாள். இதுதான் திட்டம். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் நிற்கும் சின்ன அறையில் வேலையைத் தொடங்கினேன். அத்தானின் வாகனம் சாம்பல் நிறம். ஆகவே கார் சாம்பல் நிறம். கதவு இடுக்குகளை, பொய்ப் பற்களுக்கு முரசு, அதாவது ஈறு, செய்யும் இளஞ்சிவப்புப் பசையால் அடைத்தேன். எஞ்சினில் வயர் இழுக்க என் தலைமுடிதான் சரியான பருமன். ஓட்டுநர் பொம்மைக்கு அத்தானின் விசிட்டிங் கார்டிலிருந்து முகத்தை வெட்டி ஒட்டினேன். பொம்மையின் தலை இரண்டு தரம் கழன்று விழுந்தது. சீற்றோடு கட்டும் பட்டிக்குக் கோயிலில் கையில் கட்டிவிட்ட சிவப்பு நூல். பந்தய மண்ணின் தூசிக்குத் திருநீறு. (உலகத்தில் திருநீற்றைவிட நைசான தூள் கிடையாது. வேண்டுமானால் செய்து பாருங்கள்.) சில்லுச் சக்கரங்களுக்கு நிறம் பூச, அவற்றைக் குண்டூசியில் ஏற்றி எதிலாவது குத்தி வைக்க வேண்டும். கைக்கு எட்டியது ஒரு தேசிக்காய் (எலுமிச்சைதான்). நாலு சில்லையும் நாலு குண்டூசியில் ஏற்றி அதில் குத்தி வைத்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம் கடைசி வேலை. இடது பக்கக் கதவை மெழுகுதிரிச் சூட்டில் காட்டி, பெருவிரலால் அமத்தி அழகாக நசித்தேன். தூசி படாமல் ஒரு சிவப்புத் துணியால் மூடிவிட்டு மேலே வந்தேன்.

வெள்ளிக்கிழமை, நாலு நூற்றொன்று நெடுஞ்சாலையில், அஜக்ஸுக்கு இறங்கும் இடத்தில், யாரோ ஒருவர் அத்தானின் வாகனத்தை இடித்தார். இடது பக்கக் கதவில்.

அத்தானுக்குக் கழுத்துப் பிடிப்பு மட்டும்தான். வைத்தியர் பட்டி போட்டு ஒரு கிழமை இருக்கச் சொன்னாராம். சனிக்கிழமை காலை அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். அத்தானின் கழுத்துக்குப் பிடிக்கச் சுடுதண்ணிப் பை வேண்டுமாம். மூன்று கிழமைக்குப் பிறகு அவளைக் கண்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"கீழ, சின்ன அறைத் தட்டில கிடக்கக்கா. எடுத்துக்கொண்டு வா, தேத்தண்ணி போடுறன்" என்றேன்.

தேத்தண்ணி கொதித்தது. ஆறியது. அக்கா வரவில்லை. வந்தபோது கையில் பை இல்லை, முகத்தில் இரத்தம் இல்லை.

"வதனி, கீழ உது என்னது?"

"ஐயோ, கண்டிட்டியா? பிறந்தநாளுக்குக் குடுப்பம் எண்டு இருந்தனான்."

"ஆருக்கு?"

"அத்தானுக்குத்தான்."

"அவருக்குத்தான் நேற்றே குடுத்திட்டியேயடி!" என்று கத்திவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவள் கார் மூலை திரும்பிய பிறகுதான் எனக்கு விஷயம் ஓடியது. கீழே இறங்கிப் போய் அந்த மேசையை முதல்முறையாக இன்னொருவர் கண்ணால் பார்த்தேன். சிவப்புத் துணி. திருநீறு. முடி. முகம். தேசிக்காயில் ஊசி. எந்தச் சூனியக்காரனும் வேறென்ன வைப்பான்?

ஞாயிறு மத்தியானம் இருவரும் வந்தார்கள். அத்தானுக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது. என்னை முறைப்பதற்காக முழு உடம்பையும் திருப்பினார். கார் சாப்பாட்டு மேசையில் நடுவில் இருந்தது. என் கணவர் சிறி ஒரு பக்கம் நின்றார். (துணைக்கு என்று நினைத்தேன்.)

"உவற்ற முகம் ஏன் அதில?" அக்கா தொடங்கினாள்.

"காருக்கு ஸ்பொன்சர் அவர்தானே, அக்கா. பேர் எழுதினா ஆளும் இருக்க வேணுமெல்லே."

"கதவு ஏன் நசிஞ்சிருக்கு?"

"நான்தான் நசிச்சனான். மெழுகுதிரியில காட்டி."

"எப்ப?"

பொய் சொல்லியிருக்கலாம். "வியாழக்கிழமை" என்றேன்.

அத்தான் மெதுவாகக் கேட்டார்: "என்ர கழுத்து ஏன் சரிஞ்சிருக்கு?"

"தலை ரெண்டு தரம் கழண்டிட்டுது அத்தான். பிறகு ஒட்டினனான்."

அத்தான் கழுத்துப் பட்டியைத் தடவினார். அப்போது சிறி உதவிக்கு வந்தார்.

"அவ பாவம். கெட்ட எண்ணம் ஒண்டும் இருக்காது. கொஞ்ச நாளா கீழ போய்க் கதவைச் சாத்திப்போட்டு, தனிய இருந்து ஏதோ முணுமுணுப்பா. வேற ஒண்டும் இல்லை."

(நிறம் காய்வதற்கு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த மனிதரோடு பதினாறு வருடம் குடும்பம் நடத்துகிறேன்.)

உண்மை எவ்வளவு சொன்னேனோ அவ்வளவுக்கு மோசமானது. அதைவிடப் பெரிய கூத்து, எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் கதவை அமத்தும்போது மனதில் கொஞ்சம் கோபம் இருந்ததோ? அஜக்ஸ் காற்று ஞாபகம் வந்ததோ? பெருவிரலை மேசைக்குக் கீழே ஒளித்தேன். ஒளித்ததை அக்கா கண்டாள். கைப்பையை எடுத்தாள். போன தரம் இதே பையை எடுத்துத்தான் மூன்று கிழமை போயிருந்தாள். இந்தத் தரம் போனால் வரமாட்டாள் என்று பட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ என்னோட கதைக்காம இருந்தது எனக்குத் தாங்கேல்லையக்கா. அதுக்குத்தான் இதைச் செய்தனான்!"

"கதைக்கேல்லை எண்டா, அதுக்கு இப்பிடியோடி செய்யுறது!" என்று அவளும் அழத் தொடங்கினாள்.

கடைசியில் வழி சொன்னவர் அத்தான். இரண்டு பக்கத்தையும் ஒரு மேசைக்குக் கொண்டுவருவதுதானே அவர் தொழில்.

"சரி, நடந்தது நடந்திட்டுது. செய்த ஆளே திருத்தட்டும். கதவை நேராக்கு. என்ர தலையையும் நேரா ஒட்டு."

"எங்கட வீட்டில வைச்சு. என்ர கண்ணுக்கு முன்னால" என்றாள் அக்கா.

இப்படியாக மூன்று பின்னேரம் வேலை முடிந்து அஜக்ஸுக்குப் போனேன். ரவுடியாக்க இரண்டு கிழமை பட்ட பாட்டையெல்லாம் மூன்று நாளில் கழுவினேன். அக்கா எதிரில் கதிரை போட்டுக் காவல் இருந்தாள். கத்தியை எடுத்தால் "உது எதுக்கு?" பசையை எடுத்தால் "உதில என்ன கலந்திருக்கு?" முதல் நாள் தண்ணீர்கூடத் தரவில்லை. இரண்டாம் நாள் தேத்தண்ணி வந்தது. (குடிக்க முன் மணந்து பார்த்தேன். சந்தேகம் என் பக்கத்திலும் இருக்கும்தானே.) மூன்றாம் நாள் அவளே பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்து, "அவற்ற மூக்கில திருநீறு கிடக்கு, துடை" என்றாள். துடைக்கப்போய்ப் பொம்மையின் தலை மூன்றாம் தரமாகக் கழன்று மேசைக்குக் கீழே உருண்டது. இருவரும் நாலு காலில் தவழ்ந்து தேடினோம். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. விழுந்து விழுந்து சிரித்தோம். அறைக்குள்ளிருந்து அத்தான், "என்ன சத்தம், என்ர தலை இருக்கோ?" என்று கேட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அத்தானின் கழுத்துத் திரும்பியது. வைத்தியர் சொன்ன கெடு அது என்று நான் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை.

ஒஷாவாவுக்கு அக்காவும் வந்தாள். (காரை என்னோடு தனியே விட அவளுக்கு மனமில்லை.) நடுவராக வந்த பெரியவர் சின்ன டோர்ச் அடித்து உள்ளே பார்த்து, ஓட்டுநர் யார் என்று கேட்டார். "என் கணவர்" என்றாள் அக்கா. பந்தயம் ஓடியவரா என்றார். "ஒவ்வொரு நாளும் நாலு நூற்றொன்றில் ஓடுகிறார்" என்றாள். பெரியவர் மரியாதையாகத் தலையாட்டினார். பரிசு கிடைக்கவில்லை. நடுவர் குறிப்பில், இது பந்தயத்தில் ஓடிய கார் போல் இல்லை, விற்பதற்குத் துடைத்து வைத்த கார் போல இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அதைவிட நல்ல பாராட்டு தனக்கு வந்ததில்லை என்று அத்தான் காரை வாங்கித் தன் அலுவலகத்தில் வைத்துக்கொண்டார். இன்றைக்கும் குடும்பத்தில் யாருக்காவது தலையிடி என்றாலும், "வதனி கீழ போனவளோ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். நம்பவில்லை என்று சொல்கிறவர்கள்தான் என்னோடு கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள்.

போன மாதம் அக்கா வந்தாள். சிறியைக் கடைக்கு அனுப்பினாள். குசினிக் கதவைச் சாத்தினாள். பையிலிருந்து ஒரு புதுக் கார்ப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். அதற்கு மேல் ஒரு பெண்ணின் சின்னப் படத்தை வைத்தாள். அவளுடைய வேலையிடத்து மனேஜராம். ஒரு வருடமாக லீவு தராமல் உயிரை எடுக்கிறாளாம்.

"பெரிசா ஒண்டும் வேண்டாம் வதனி" என்றாள் மெல்லிய குரலில். "முன் பம்பர் மட்டும் நசிச்சாப் போதும்."

நான் முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் வாகனம் என்ன நிறம் என்று மட்டும் கேட்டு வைத்திருக்கிறேன்.