லேயோ அக்காவின் முக்காடு

பிள்ளைகளே, பெங்களூரில் பேசப்படுகிற எல்லா பாஷைக்காரர்களையும் என் ஆட்டோவில் ஏற்றியிருக்கிறேன். ஆனால் வினைச்சொல்லை வெற்றிலைபோல் மென்றுகொண்டே வந்த ஒரே சவாரி லேயோ அக்காதான்.

கோலார் தங்கவயல்காரர். ஈஜிபுராவில் எங்கள் பக்கத்து வீடு. ரிச்சர்ட்ஸ் டவுனில், ஸ்பெயின் தேசத்திலிருந்து வந்து தங்கிவிட்ட வயதான நர்ஸம்மாவுக்குச் சமையல் செய்தார். அந்த அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. புத்தகம் வாசிக்க முடியாத துக்கத்தில் சாப்பாட்டையே ஒதுக்கிவிட்டார்.

"என் கொழம்பு வேணான்னா பரவால்லப்பா, கஞ்சியும் வேணாங்குறாங்க. நானே வாசிச்சுக் காட்டப் போறேன்."

"ஸ்பானிஷ்லயாக்கா?"

"அதே ஏபிசிடி எழுத்துதானே? எப்படிச் சொல்றதுன்னு அவங்ககிட்டயே கத்துக்குறேன்."

லேயோ என்றால் நான் வாசிக்கிறேன். லேயெஸ், நீ வாசிக்கிறாய். லீப்ரோ என்றால் புத்தகம், பாஹினா என்றால் பக்கம். சிக்னலில் நின்றால் போதும், பின்சீட்டில் "லேயோ! லேயெஸ்! லேயே!" ஒருநாள் டிராஃபிக் போலீஸ்காரர் எட்டிப் பார்த்து, யாரைத் திட்டுகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டேவிட்டார்.

"பைய்தில்லா சார், பாடா!" என்றார் அக்கா. திட்டவில்லையாம், பாடமாம்.

வாசிக்கும் நாள் வந்தது. என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார். தப்பாகிவிட்டால் ஓட ஆட்டோ வேண்டுமே!

அக்கா சர்ச்சில் வாசகம் வாசிப்பவர். வாசிப்பதென்றால் அவருக்கு அந்த ஒரு முறைதான் தெரியும். எழுந்து நின்றார். முக்காடு போட்டார். எழுத்துக்கூட்டிக் கணீரென்று ஒரு பக்கத்தை முடித்துத் தலைகுனிந்து, சர்ச்சில் வாசகத்தை முடிப்பதுபோலவே, "இது ஆண்டவரின் அருள்வாக்கு" என்றார்.

நர்ஸம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறினோம். சிரிக்கிறார்!

"ஆண்டவர் இல்ல," என்றார் தமக்குத் தெரிந்த தமிழில். "இது திருடன். ஒரு பொண்ணு. ஜன்னல் தாண்டி ஓடுறாங்க."

"மாதாவே! திருடனுக்கா முக்காடு போட்டேன்!"

முக்காட்டை இழுக்கப்போன கையை அந்த அம்மா பிடித்துக்கொண்டார். "இருக்கட்டும். அடுத்த பாஹினா."

"மொதல்ல கஞ்சி. திருடன் எங்கயும் போயிட மாட்டான்."

கிண்ணம் காலியானது.

அதற்குப்பின் தினமும் அப்படித்தான். பக்கம் முடிந்ததும் அக்கா முக்காட்டோடு "ஆண்டவரின் அருள்வாக்கு" என்பார். நர்ஸம்மா வாய் நிறையக் கஞ்சியோடு "கிராசியாஸ்" என்று நன்றி சொல்வார். புத்தகம் முடிந்தபோது அக்கா மறுபடி முதல் பக்கத்துக்கே திருப்பினார்.

இருவருமே இப்போது இல்லை. உங்களுக்குக் கதை வாசிக்கும்போது பக்கம் முடிந்ததும் நான் ஏன் கொஞ்சம் நிறுத்துகிறேன் என்று கேட்கிறீர்களே, அந்த இடம் லேயோ அக்காவுடையது.