எங்கள் காக்ரா கம்பெனியின் சொத்துப் பட்டியல்

மும்பையில் இருக்கும் மரியாதைக்குரிய அண்ணன் ஹர்ஷத்ராய் அவர்களுக்கு, ஜாம்நகரிலிருந்து தங்கை வசுமதி ஜெய் ஜினேந்திரா சொல்லி எழுதுவது. பர்யூஷண் நோன்பு நல்லபடி முடிந்தது. இன்று மன்னிப்புக் கேட்கும் நாள். கடந்த ஓராண்டில் மனத்தாலோ சொல்லாலோ உங்களை நோகடித்திருந்தால் மன்னிக்கவும். இந்தக் கடிதத்தால் நொந்தால் அதற்கும் சேர்த்தே.

"பழைய அடுப்பும் எட்டுப் பொம்பளைங்களும் தவிர உங்க கம்பெனியில என்னம்மா சொத்து இருக்கு? பேசாம, விலை கேட்டுட்டிருக்கிற அந்தத் தினகர்ராய்கிட்ட வித்துடு" என்று போனில் சொன்னீர்கள். என் வீட்டுக்காரரான இவரும் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினார். நான் முடியாது என்றேன். உடனே அந்தத் தினகர்ராய் எதிர்த்தெருவில் புது இயந்திரம் இறக்கினார், இரட்டைச் சம்பளம் சொல்லி எங்கள் சவிதாபென்னையும் கொத்திக்கொண்டு போனார். பதினாறு வருடமாகக் கல்லில் ரொட்டியைத் துணியால் அழுத்தி அழுத்தி, அப்பளம்போல் மொறுமொறுவென்று காக்ராவாக வாட்டிய கை அது! அவள் போனதும் இங்கே ஒன்று வேகவில்லை, ஒன்று வளைந்தது, கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பினார்கள், இவர் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்துவிட்டார், எனக்கோ சாமாயிகத் தியானத்தில் உட்கார்ந்தாலும் மனசு அடுப்பில். ஆனால் அண்ணா, அங்கேயும் எல்லாம் கரிக்கட்டையாம்! பன்னிரண்டாம் நாள் சவிதா வாசலில் வந்து நின்றாள்.

"என்னடி, ரெட்டைச் சம்பளம் கசந்துபோச்சா?" என்றாள், அவளுக்கு எதிரே உட்கார்ந்து மாவு தேய்க்கிற ஹன்சாபென்.

"அங்க என்னை யாருமே திட்ட மாட்டேங்கிறாங்க, ஹன்சா."

"அதுக்கா அழுவுற?"

"நீ 'கருகுதுடி கழுதை'ன்னு கத்தினாத்தானே நான் திருப்புவேன்? எனக்குத்தான் பொறந்ததுலேர்ந்து மோப்பமே கிடையாதே!"

பதினாறு வருடமாக எங்களுக்கே தெரியாது! தினகர்ராய் கையை விலைக்கு வாங்கினார், மூக்கை இங்கேயே விட்டுவிட்டார். இதை எந்த இயந்திரக்காரன் செய்து தருவான்? சவிதா மறுபடி ஹன்சாவுக்கு எதிரே உட்கார்ந்ததும், விட்டுப்போன கடைக்காரர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். நோன்பு முடித்த தினகர்ராய் மனைவியே பேர் சொல்லாமல் ஆள் அனுப்பி நம் காக்ராவைத்தான் வாங்கினாள்.

ஆகவே நீங்கள் கேட்ட சொத்துப் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்: சவிதாவின் கை, ஹன்சாவின் மூக்கு, நடுவில் பதினாறு வருடத் திட்டு. தேய்மானம் கிடையாது. விற்பனைக்கும் கிடையாது.

அண்ணிக்கு என் வணக்கம். சாந்திநாதர் நினைவில் எல்லோரும் நலமாயிருங்கள்.

தங்கை,
வசுமதி

பின்குறிப்பு: ஹன்சாபென் காலையிலிருந்து தும்முகிறாள், எதுவும் மணக்கவில்லையாம். தினகர்ராய் சொன்ன விலை இன்னும் இருக்கிறதா என்று, நான் கேட்டதாகச் சொல்லாமல், விசாரிக்கவும்.